கேலனுக்கு நாற்பத்து மூன்று மைல்

ஆம்ப்ரோஸுக்குத் தன் வலது காலைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் இருந்தது. குரலைப் பற்றிக் கர்வப்படுகிறவர்கள் உண்டு, கையெழுத்தைப் பற்றி உண்டு. இவருக்குக் கால்.

ரிவர் வேலி ரோட்டில் இருந்த அந்த மருந்துக் கம்பெனிக்கு ஆறு சின்ன மோரிஸ் கார்கள். பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் மருந்துப் பெட்டிகளை அடுக்கி, தீவு முழுக்க இருக்கும் கிளினிக்குகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஆறு காருக்கு ஆறு டிரைவர்கள். மற்ற ஐந்து பேரும் ஷூ போட்டு ஓட்டுவார்கள். ஆம்ப்ரோஸ் மட்டும் ஏறி உட்கார்ந்ததும் வலது ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலைப் பெடலில் வைப்பார். தோலுக்கும் பெடலுக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது அவருக்கு.

ஜப்பான்காரன் சண்டை முடிந்த கையோடு நீ சூன் என்ற இடத்து ராணுவ முகாமில் லாரி ஓட்டியவர். பெட்ரோல் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு இருந்த காலம். அங்கே படிந்த பழக்கம். வண்டி நகர ஆரம்பித்ததும் அவசரமில்லாமல், ஆனால் தாமதமும் இல்லாமல் மேல் கியருக்குப் போய்விடுவார். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரியும்போதே காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக உருண்டு விளக்கருகே போய்ச் சேரும் நேரத்தில் அது பச்சையாகியிருக்கும். மேட்டை ஏறி முடிப்பதற்குச் சற்று முன்பே அழுத்தத்தைக் குறைப்பார். வாரம் தவறாமல் டயரில் காற்றுப் பார்ப்பார். "பிரேக் போடுறது என்னா தெரியுமா? காசு குடுத்து வாங்குன ஓட்டத்தை நாமளே மிதிச்சுக் கொல்றது," என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அதிகம் சிரிப்பவர் மருதப்பன். இருவரும் தேக்காவில் நோரிஸ் ரோட்டில் அடுத்தடுத்த வீடுகளில் மேல்மாடி அறைகளில் குடியிருந்தார்கள். மருதப்பன் இரண்டு வயது இளையவர். ஜொகூர் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனவர்களில் ஒருவர். அவரோடு போன அண்ணன் திரும்பவில்லை. இவர் திரும்பி வந்தார், வலது காலில் முழங்காலுக்குக் கீழே சதையைத் தின்றுவிட்ட புண்ணோடு. புண் ஆறிவிட்டது. ஆனால் பாதத்தில் உணர்ச்சி வரவில்லை. அடிப்பாதத்தில் ஊசியால் குத்தினாலும் தெரியாது.

அந்தக் காலோடுதான் அவர் பதினோரு வருஷமாகக் கார் ஓட்டினார். எவ்வளவு அழுத்துகிறோம் என்று கால் சொல்லாது. காதுதான் சொல்லும். இஞ்சின் சத்தத்தை வைத்தே ஓட்டப் பழகியிருந்தார். ஒரு விபத்து கிடையாது. இந்த விஷயம் அவர் மனைவி மங்களத்துக்குத் தெரியும். ஆம்ப்ரோஸுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும்.

ஆம்ப்ரோஸுக்கு புக்கிட் தீமா, உட்லண்ட்ஸ் பக்கத்து நீண்ட சாலைகள். மருதப்பனுக்கு நடு டவுன். நியூ பிரிட்ஜ் ரோடு, சவுத் பிரிட்ஜ் ரோடு, அவற்றுக்கு நடுவே சந்துகள். ரிக்‌ஷா, தள்ளுவண்டி, பஸ், கூலியாட்கள், மார்க்கெட்டுக்கு வந்த பெண்கள். பத்தடி போனால் நிறுத்த வேண்டும். அந்தக் கூச்சலில் இஞ்சின் சத்தம் காதில் விழாது. விழுகிற வரை மருதப்பன் அழுத்துவார். அவர் வண்டி கேலனுக்கு இருபத்தாறு மைல்தான் கொடுத்தது. ஆம்ப்ரோஸின் வண்டி நாற்பத்தெட்டு கொடுத்தது. அதைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை.

அறுபத்திரண்டாம் வருஷம் ஒரு மோட்டார் சங்கம் போட்டி நடத்தியது. ஒரே ஒரு கேலன் எண்ணெயில் யார் அதிக தூரம் போகிறார்கள் என்று பார்க்கும் போட்டி. கம்பெனி மேனேஜர் பிரெட்லி துரை விளம்பரத்துக்கு ஆகும் என்று ஒரு மோரிஸை அனுப்பினார். ஓட்டியவர் ஆம்ப்ரோஸ்.

அது ஞாயிற்றுக்கிழமை. லூர்து மாதா கோவில் பூசைக்குப் போகாமல் கார் ஓட்டப் போகிறார் என்று மனைவி அந்தோனியம்மாள் காலையில் பேசவே இல்லை. சங்கத்து ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார, முன்பக்கம் பொருத்திய தகர டப்பாவில் அளந்து ஊற்றிய ஒரு கேலன் எண்ணெயோடு புறப்பட்ட கார், சாங்கி போய்த் திரும்பி, ஜூரோங் வரை போய், அறுபத்தொரு மைல் ஓடி நின்றது. ஆம்ப்ரோஸுக்கு முதல் பரிசு. பேப்பரில் பெயர் வந்தது. ஐந்து டிரைவர்களும் சேர்ந்து அவரை சிராங்கூன் ரோட்டுக் கடைக்கு இழுத்துப்போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். மாலை போட்டவர் மருதப்பன்.

"எங்க அண்ணன் காலுக்குத் தங்கக் கொலுசு போடணும்லா!" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

மறுவாரம் ஆபீஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. எழுதியவர் கிராணி கோவிந்தசாமி. எண்ணெய்ச் சீட்டுகளைப் பார்க்கிற குமாஸ்தா அவர்தான். அறுபத்தொரு மைல் ஓடுகிற கார் இருபத்தாறு மைல் ஓடுவது எப்படி என்று துரையிடம் போய்க் கேட்டிருக்கிறார். துரையும் அதுவரை யோசிக்காததை யோசித்திருக்கிறார். இனி எல்லாக் கார்களும் கேலனுக்கு நாற்பத்தைந்து மைல் ஓட வேண்டும். அதற்கு மேல் செலவாகிற எண்ணெய், டிரைவர் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

முதல் மாதமே மருதப்பனுக்குச் சம்பளத்தில் கால்பங்கு போயிற்று.

"நீங்க ஓட்டுனதுனால வந்தது," என்றார் ஜலாலுதீன். அவரும் டிரைவர்தான், தொழிற்சங்கத்துக்கு அவர்தான் பிரதிநிதி. கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

"நான் என்னா தப்பா ஓட்டிட்டேன்?" என்றார் ஆம்ப்ரோஸ். "சொல்லித் தர்றேன், கத்துக்குங்க. கொஞ்சம் பொறுமை இருந்தா எல்லாருக்கும் வரும்."

சொல்லியும் கொடுத்தார். மூன்று சனிக்கிழமை மதியம் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, "இப்ப காலை எடு, எடு, உருளட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஜலாலுதீன் முப்பத்தெட்டு வரை வந்துவிட்டார். மருதப்பன் இருபத்தெட்டைத் தாண்டவில்லை. தாண்ட முடியாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் ஒருமுறை, வாய் தவறி, "கொஞ்சம் மெதுவாத்தான் மிதியேன்" என்று ஆம்ப்ரோஸ் சொல்லிவிட்டார். மருதப்பன் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

ஜலாலுதீன் விடவில்லை. தொழிற்சங்கத்தின் மூலம் துரையிடம் பேசினார். டவுன் ரோடு வேறு, சாங்கி ரோடு வேறு என்றார். வேலைநிறுத்தம் என்ற வார்த்தையும் நடுவே வந்தது. கடைசியில் துரை ஒரு வழி சொன்னார்: டவுன் ரூட்டில் ஒரு சோதனை ஓட்டம். மருதப்பன் போகிற அதே வழி, அதே பாரம், டப்பாவில் அளந்து ஊற்றிய ஒரு கேலன். ஓட்ட வேண்டியவர் ஆம்ப்ரோஸ். எத்தனை மைல் வருகிறதோ, அதுவே ஆறு பேருக்கும் கணக்கு.

டிரைவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம்ம ஆள்தானே ஓட்டப் போகிறார்.

சோதனைக்கு முதல் நாள் சாயங்காலம், பஃபலோ ரோட்டுக் கோப்பிக்கடையில் மருதப்பன் ஆம்ப்ரோஸுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். இருவத்தஞ்சு, இருவத்தாறு. அதுல நிறுத்திடுங்க. மிஞ்சிப் போனா முப்பது. அதுக்கு மேல போனா என்னால முடியாது. பெரியவளுக்கு ஸ்கூல் பீஸ் இந்த மாசமே கட்டல."

"முப்பது கூட வராதுப்பா. நல்லா மிதிச்சுத் தள்ளிடறேன். நீ கவலைப்படாத."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம். போதுமா?"

மருதப்பன் சிரித்தார். கோப்பிக்கு அவரே காசு கொடுத்தார்.

வீட்டில் இதைச் சொன்னபோது அந்தோனியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு மோசமா ஓட்ட வருமாங்க?" என்று கேட்டார். "நாலு பேர் பார்க்க?"

"ஏன் வராது?" என்றார் ஆம்ப்ரோஸ்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவர் கோவிந்தசாமி கிராணி. வெள்ளைக் கால்சட்டை, மடியில் அட்டை, காதில் பென்சில். ஆம்ப்ரோஸ் அன்று இரண்டு காலிலும் ஷூ போட்டிருந்தார்.

முதல் நாலைந்து மைல் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கிளம்பும்போது இஞ்சின் அலற மிதித்தார். இரண்டாவது கியரிலேயே இழுத்தார். முன்னால் பஸ் நிற்பது தெரிந்தும் அதன் வால் வரை வேகமாகப் போய் பிரேக்கை அறைந்தார். பின்னால் மருந்துப் புட்டிகள் கலகலத்தன. பக்கத்தில் போன சீனக் கிழவர் ஒருவர் நின்று முறைத்தார். டிராபிக் போலீஸ்காரர் கையை ஆட்டி ஏதோ திட்டினார்.

நியூ பிரிட்ஜ் ரோட்டில் ஒரு தள்ளுவண்டியை உரசுகிற மாதிரி போய் நின்றபோது, கிராணியின் பென்சில் கீழே விழுந்தது. அதை எடுத்துக்கொண்டே அவர் சிரித்தார்.

"பேப்பர்ல பேர் வந்த ஆளா இது? இப்பத்தான் எனக்குத் தோணுது. காலி ரோட்டுல எவனும் ஓட்டுவான், அந்த மோட்டார் சங்கத்து ஆளும் மைலைக் கூட்டித்தான் எழுதியிருப்பான்னு. எங்க மாமியார்கூட இதைவிட நல்லா ஓட்டுவாங்க போலருக்கே, ஆம்ப்ரோஸ்."

ஆம்ப்ரோஸுக்கு முகம் சூடானது. அடுத்த நிறுத்தம் ஒரு கிளினிக். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். குனிந்து வலது ஷூவைக் கழற்றினார். புழுக்கமாக இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் எதையும் முடிவு செய்யவில்லை. கால் பார்த்துக்கொண்டது.

கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. ரிக்‌ஷாக்காரன் எந்தப் பக்கம் ஒடிப்பான் என்று அவன் தோளைப் பார்த்தே தெரிந்தது. கூலியாள் மூட்டையோடு குறுக்கே வருமுன்பே கால் பெடலை விட்டு எழுந்தது. அவன் கடந்து போன இடைவெளியில் கார் உருண்டபடியே நுழைந்து வெளியே வந்தது. ஹில் ஸ்ட்ரீட் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாகின. பேர்ல்ஸ் ஹில் மேட்டை மூச்சு வாங்காமல் ஏறி, மறுபக்கம் இறகு மாதிரி இறங்கியது. பெட்டி இறக்கும் இடத்தில் எல்லாம் இஞ்சினை அணைத்தார். பிரேக் போட்டது எத்தனை தடவை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கிராணி பேச்சை நிறுத்திவிட்டு மைல் காட்டும் எண்களையும் ஆம்ப்ரோஸின் காலையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்தார்.

இருபத்தாறு வந்தது. டப்பாவில் எண்ணெய் இருந்தது. முப்பது வந்தது. அப்போது ஆம்ப்ரோஸுக்கு மருதப்பனின் முகம் ஞாபகம் வரத்தான் செய்தது. இனிமேலாவது மிதிக்க வேண்டும் என்று நினைத்தார். இந்தத் திருப்பம் போகட்டும், அடுத்த ரோட்டிலிருந்து மிதிக்கலாம் என்று நினைத்தார். அடுத்த ரோடு கூட்டமில்லாமல் நேராகக் கிடந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. முப்பத்தைந்து. நாற்பது. மேக்ஸ்வெல் ரோடு முனையில் இஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது.

கிராணி அட்டையில் எழுதிக்கொண்டு, "நாப்பத்து மூணு," என்றார். பிறகு, "ஒத்துக்கறேன்யா. ஓட்டத் தெரிஞ்ச ஆள்தான் நீங்க," என்றார்.

அந்த ஒரு நிமிஷம், நடு ரோட்டில் நின்றுபோன காரில், ஆம்ப்ரோஸுக்கு உள்ளுக்குள் இனித்தது. அந்த இனிப்பை அவர் பிற்பாடு எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லாமல் மறைக்கவில்லை. ஆனால் எந்த சாமியாரும் அது என்ன பாவம் என்று சரியாகப் புரிந்துகொண்டதாக அவருக்குத் தோன்றவில்லை.

கம்பெனி முற்றத்தில் நால்வர் நின்றிருந்தார்கள், மருதப்பனும் நின்றிருந்தார். கிராணி எண்ணைச் சொன்னதும் ஜலாலுதீன் தரையில் துப்பிவிட்டு உள்ளே போனார். மற்றவர்கள் அவர் பின்னால் போனார்கள். மருதப்பன் மட்டும் அங்கேயே நின்று ஆம்ப்ரோஸின் ஷூ இல்லாத காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவரும் போனார்.

அதோடு முடிந்திருந்தால் சம்பளம் மட்டும்தான் குறைந்திருக்கும். ஆனால் கோவிந்தசாமி கணக்கில் கெட்டிக்காரர். அதே ரூட், அதே பாரம், நாற்பத்து மூன்று மைல். மருதப்பனுக்கு இருபத்தாறு. மிச்ச எண்ணெய் எங்கே போயிற்று? ரப்பர் குழாய் போட்டு உறிஞ்சி விற்கிறான், வேறென்ன? பத்து நாளில் மருதப்பனுக்குக் கடிதம் வந்தது. எண்ணெய் திருடியதாக வேலைநீக்கம். பதினோரு வருஷ வேலைக்கு ஒரு காசு இல்லை.

ஆம்ப்ரோஸ் அன்று மாலையே பக்கத்து வீட்டு மாடி ஏறினார். மருதப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மங்களம் உள்ளே போய்விட்டார்.

"நான் போயி துரைகிட்ட சொல்றேன். நீ திருடல, கால்தான் காரணம்னு சொல்றேன்."

"வேணாம்ணே."

"திருடன்னு பேர் வாங்கிட்டு எப்படிடா இருப்ப?"

"பேர் என்னாணே பேர். வேற கம்பெனில வண்டி ஓட்டிக்குவேன். கெய்லாங்ல ஒரு சீனன் சோடாக் கம்பெனி வச்சிருக்கான், வர சொல்லியிருக்கான். காலப் பத்தி வாயத் தொறந்திடாதீங்க. அது மட்டும் போதும். நீங்க எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம்."

ஆம்ப்ரோஸ் தலையாட்டிவிட்டு இறங்கினார். மூன்று இரவுகள் படுத்துப் பார்த்தார். தன்னால் ஒருவன் திருடன் ஆகிவிட்டான் என்பதை அவரால் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மருதப்பன் கூச்சத்தால் வேண்டாம் என்கிறான், உண்மை தெரிந்தால் துரை மனிதர்தானே, இரங்குவார், வேறு வேலையாவது கொடுப்பார் என்று தனக்குள் ஒரு நியாயம் கட்டிக்கொண்டார். நான்காம் நாள் காலை பிரெட்லி துரையின் அறைக் கதவைத் தட்டினார்.

முகாமில் கற்ற இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னார். சயாம், புண், உணர்ச்சியில்லாத பாதம், காதால் ஓட்டுகிற வித்தை, பதினோரு வருஷம், ஒரு விபத்து இல்லை. சொல்லும்போது கண் கலங்கியது. துரை குறுக்கிடாமல் கேட்டார். அவரும் சண்டைக்காலத்தில் சாங்கி சிறையில் இருந்தவர். பாவம், பாவம் என்று தலையை அசைத்தார். திருட்டு என்ற வார்த்தையைக் கடிதத்திலிருந்து எடுக்கச் சொல்வதாகவும், இரண்டு மாதச் சம்பளம் கொடுக்கச் சொல்வதாகவும் வாக்குக் கொடுத்தார். ஆம்ப்ரோஸுக்கு மார்பிலிருந்து கல் இறங்கியது.

அவர் கதவருகே வந்தபோது துரை சொன்னார், "ஆனால் ஒன்று, ஆம்ப்ரோஸ். பிரேக்கை உணர முடியாத காலோடு ஒருவர் ரோட்டில் ஓட்டுவது எனக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்கு ஒரு குழந்தை மேல் ஏறினால்? நான் லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதத்தான் வேண்டும். உனக்குப் புரியும்."

ஆம்ப்ரோஸ் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் வரவில்லை.

இரண்டு வாரத்தில் மருதப்பனை டாக்டர் பரிசோதனைக்கு அழைத்தார்கள். டாக்டர் பாதத்தில் ஊசியால் தொட்டார். லைசென்ஸ் போயிற்று. சோடாக் கம்பெனி வேலையும் அதோடு போயிற்று.

மருதப்பன் வீட்டு மாடிப்படியில் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தது அதற்கடுத்த நாள். ஆம்ப்ரோஸ், "மருதப்பா, நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்..." என்று தொடங்கினார்.

மருதப்பன் ஒருபடி கீழே நின்றிருந்தார். குரலை உயர்த்தவில்லை.

"திருடனாவே இருந்திருப்பேன்லா. திருடனுக்குக்கூட லைசென்ஸ் இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். விலகி வழிவிட்டார்.

பிறகு அவர் போட் கீ கிடங்கு ஒன்றில் ஜாகா வேலைக்குப் போனார். இரவெல்லாம் கதவருகே கயிற்றுக் கட்டிலில் காவல் இருக்க வேண்டும், பாதிச் சம்பளம். மூத்த பெண் பள்ளியை நிறுத்திவிட்டு பிஸ்கட் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். கம்பெனியில் ஆம்ப்ரோஸுக்குப் புது டிரைவர்களைப் பழக்கும் வேலை கொடுத்து, சம்பளத்தையும் சற்றுக் கூட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல இரண்டு நாள் யோசித்தார். சொல்லவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஜலாலுதீனும் மற்றவர்களும் வேலை விஷயமாக மட்டும் அவரோடு பேசினார்கள். அந்தோனியம்மாள் மட்டும் நல்ல நாள் பெரிய நாளுக்குப் பலகாரம் எடுத்துக்கொண்டு மங்களத்திடம் போவார். மங்களம் வாங்கிக்கொள்வார், தட்டைக் கழுவித் திருப்பித் தருவார், உள்ளே வந்து உட்கார் என்று சொல்ல மாட்டார்.

நாலு வருஷம் கழித்து மருதப்பனுக்கு தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. ஒரு சனிக்கிழமை மதியம் லாரி வந்தது. மர அலமாரி ஒன்று படிக்கட்டு வளைவில் சிக்கிக்கொண்டது. லாரிக்காரர்கள் இரண்டு பேர், மருதப்பன், அவர் மச்சான் என நால்வர் பிடித்தும் திருப்ப முடியவில்லை. சத்தம் கேட்டு வந்த ஆம்ப்ரோஸ் யாரும் கூப்பிடாமலே ஏறி, கீழ் மூலையைத் தோளில் வாங்கினார். மருதப்பன் பார்த்தார். போ என்று சொல்லவில்லை.

ஐவருமாக அதைச் சாய்த்து, தூக்கி, தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். கடைசிப் படியில் அலமாரியின் கால் ஆம்ப்ரோஸின் கையை நசுக்கி ரத்தம் வந்தது. மங்களம் அதைக் கண்டார். புடவைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி ஒரு கணம் நின்றார். பிறகு திரும்பி லாரியின் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். மருதப்பன் பின்னால் சாமான்களுக்கு நடுவே ஏறி, அலமாரி ஆடாமல் இருக்க அதன்மேல் கையை வைத்து உட்கார்ந்தார்.

"போலாமா?" என்று டிரைவர் கேட்டான்.

"போலாம்," என்றார் மருதப்பன்.

லாரிக்காரப் பையன் முதல் கியரிலேயே இஞ்சினை அலறவிட்டுக் கிளப்பினான். சிராங்கூன் ரோட்டுத் திருப்பம் வரை புகை கலையாமல் நின்றது. ஆம்ப்ரோஸ் கையைச் சட்டையில் சுற்றிக்கொண்டு தன் வீட்டு மாடிக்குப் போனார். என்ன ஆயிற்று என்று அந்தோனியம்மாள் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, அவங்க போய்ட்டாங்க," என்றார்.